கண்ணிழந்த விண்ணாய்வாளர்

விண்ணை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு விழி இரண்டும் ஒளியிழந்தால்? தச்சன் கையிலிருந்து உளியைப் பறித்த கதைதானே அது! இனி மூலையிலே முடங்க வேண்டியவர்தான் என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். அந்த முடிவைப் பொய்யாக்கி வாழ்ந்தவர், அமெரிக்க நாட்டு எட்வின் ஃபிராஸ்ட்.

வெர்மான்ட் மாநிலத்து பிராட்டில்பரோ நகரிலே, 1866-ல், மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியிலே படித்தார். ஜெர்மனியின் போட்ஸ்டாம் சென்று பயிற்சி பெற்றார். 1898-ல் விஸ்கான்சின் மாநிலத்து எர்க்ஸ் வானாய்வுக் கூடத்தில் சேர்ந்தார். 40 அங்குல வில்லை பொருத்திய தொலைநோக்கி அங்கே இருந்தது.

அவர் தேர்ந்தெடுத்தது, நீலநிற விண்மீன்களை! நமது ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி. அவையோ 20,000 டிகிரியையும் தாண்டிக் கொதிப்பவை. அவற்றின் ஒளியைப் பிரித்தால் மங்கலான சில கோடுகள் தெரியும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் ஓங்கி ஒலிக்கிறது, விலகும்போது சுருதி இறங்குகிறது அல்லவா? அதுபோல, விண்மீன் நெருங்கினால் கோடு நீலப்பக்கம் நகரும், விலகினால் சிவப்புப்பக்கம். வால்டர் ஆடம்ஸ் எனும் இளைஞருடன் சேர்ந்து, அந்தக் கோடுகளைப் படமெடுத்து, மயிரிழை பிசகாமல் அளந்தார் ஃபிராஸ்ட்.

1902-ல், செபியஸ் மண்டலத்து பீட்டா எனும் விண்மீனின் கோடு ஓரிடத்தில் நிற்கவில்லை என்று கண்டார். விடவில்லை அவர்! 1906-ல் கணக்கு கிடைத்தது: 4 மணி 34 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆடுகிறது அது.

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதால் வரும் ஆட்டம் என்று கருதினார். அது பிழை. விண்மீனே விம்முகிறது, சுருங்குகிறது! உள்ளேயுள்ள இரும்பு வகைத் தனிமங்கள் ஒளியைத் தடுத்துத் தேக்கி, பிறகு விடுகின்றன. கொதிகலனின் அடைப்பான் மூடித் திறப்பது போல. 1990-களின் தொடக்கத்தில்தான் இது தெளிவாயிற்று. ஃபிராஸ்ட் தந்த விளக்கம் வீழ்ந்தது; அவர் எடுத்த அளவு நிலைத்தது. அவ்வினத்து விண்மீன்கள் நூற்றுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. பீட்டா செபி வகை என்றே அவற்றுக்குப் பெயர்.

1905 முதல் அவரே கூடத்தின் தலைவர். 1915-ல் வலக்கண் போயிற்று. 1921-ல் இடக்கண்ணும் போயிற்று. பதவியை உதறினாரா? இல்லை! உடனிருந்தோர் கண்களைத் துணைகொண்டு, 1932 வரை கூடத்தை நடத்தினார்.

1933-ல் சிகாகோவிலே உலகக் கண்காட்சி. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன், 1893-லும் அந்நகரில் கண்காட்சி நடந்தது. ஆர்க்டூரஸ் எனும் விண்மீனின் ஒளி நம்மை வந்தடைய 40 ஆண்டு ஆகுமென்பது அன்றைய கணக்கு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 37. அன்று புறப்பட்ட ஒளியைக் கொண்டே இன்று விளக்கேற்றுவோம் என்றார் ஃபிராஸ்ட். தொலைநோக்கி வாங்கிய விண்மீன் ஒளி, மின்கலத்தில் பட்டு, மின்னோட்டமாகிக் கம்பி வழி சென்றது. கண்காட்சி விளக்குகள் எரிந்தன. யோசனை சொன்னவருக்குத்தான் அந்த வெளிச்சம் தெரியவில்லை!

1935-ல் மறைந்தார். பீட்டா செபியின் ஆட்டத்தை எந்தக் கண்ணும் நேரே கண்டதில்லை. தகடு பதித்தது, கை அளந்தது, அறிவு கண்டது. அந்த அறிவு விழியோடு போய்விடவில்லை. முடியாது என்று சோர்ந்து உட்காரும் வேளையில், நாம் நினைத்துப் பார்க்கவேண்டிய பெயர் ஃபிராஸ்ட்.