அல்பிரூனி: பூமியை அளந்த அறிஞர்

உலகப் படத்தில் நமது கண்டி பாகையாலும் கலையாலும் குறிக்கப்படுகிறது. நில அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப்படத்திலோ அதே கண்டி சதுரக் கட்டங்களின் எண்களால் குறிக்கப்படுகிறது. ஒரே ஊருக்கு ஏன் இரண்டு முகவரிகள்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் அல்பிரூனியின் வாழ்க்கையை நான் வாசித்தேன்.

அபூ ரைஹான் அல்பிரூனி, கி.பி. 973 இல் குவாரிஸம் நாட்டின் காத் நகரத்தில் பிறந்தார். அது இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ளது. கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் அவருடைய ஆசிரியர். பதினேழு வயதளவிலேயே, நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அகலக்கோட்டைக் கணித்தார் அல்பிரூனி.

ஊர்களின் இடங்களைக் குறிப்பதற்காக அவர் 10 முழ விட்டமுள்ள ஓர் அரைக்கோளத்தைச் செய்தார். நீண்ட கணக்குகளைச் செய்யாமல், கோளத்தின் மேலேயே தூரங்களை அளந்து அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் அறிவதே அவர் எண்ணம். ஆனால் 995 இல் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்த வேலையை விட்டுவிட்டு, உயிர் தப்பி ஓட வேண்டியதாயிற்று.

அகலக்கோட்டை அறியச் சூரியன் போதும். நெடுங்கோட்டை அறிய இரண்டு ஊர்களின் நேரத்தை ஒப்பிட வேண்டும். கைக்கடிகாரமோ தொலைபேசியோ இல்லாத காலம் அது. 997 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அல்பிரூனி காத்திலும், அறிஞர் அபுல் வஃபா பக்தாதிலும் முன்கூட்டியே பேசிவைத்து அவதானித்தனர். கிரகணம் எங்கும் ஒரே கணத்தில் நிகழ்கிறது; உள்ளூர் நேரம் மட்டுமே வேறுபடுகிறது. ஒரு மணித்தியால வேறுபாடு 15 பாகைக்குச் சமம். இப்படி இரு நகரங்களுக்கும் இடையிலான நெடுங்கோட்டு வேறுபாட்டை அவர்கள் கண்டறிந்தனர்.

1017 இல் சுல்தான் மஹ்மூத் குவாரிஸத்தைக் கைப்பற்றி, அல்பிரூனியைக் கஸ்னிக்கு அழைத்துச் சென்றார். மறு வருடம் காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் அவர் இருந்தபோது கையில் எந்தக் கருவியும் இல்லை. அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. கணக்குப் பலகையின் பின்புறத்தில் ஒரு வட்டவில்லை வரைந்து, பாகைகளைக் குறித்து, தூக்குநூலைக் கட்டி அதையே கருவியாக்கிச் சூரியனை அளந்தார்.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை முதலில் கணித்தார். பின்னர் உச்சியில் நின்று, தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என அளந்தார். அது 34 கலை. இந்த இரு அளவுகளைக் கொண்டே திரிகோண கணிதத்தால் பூமியின் ஆரையைக் கண்டார். அவர் கண்ட அளவு இன்றைய அளவுக்கு மிக நெருங்கியது.

கோளமான பூமியைத் தட்டையான தாளில் வரையும் முறைகள் பற்றியும் அவர் ஒரு நூல் எழுதினார். நமது இடவிளக்கப்படமும் அத்தகைய ஒரு முறையில் வரையப்பட்டதே. இலங்கைக் கட்டங்களின் தொடக்கப் புள்ளி பீதுருதாலகால மலை. 1999 ஆம் ஆண்டு முறையில் அதற்குக் கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என எண் கொடுத்துள்ளனர். தீவின் எந்த மூலைக்கும் மறை எண் வராதிருக்கவே இந்த ஏற்பாடு.

கண்டி நகரம் அம்மலையிலிருந்து ஏறத்தாழ 17½ கலை வடக்கிலும் 7¾ கலை மேற்கிலும் உள்ளது. நமது பகுதியில் ஒரு கலை சுமார் 1.84 கிலோமீற்றர். பெருக்கிப் பார்த்தால் வடக்கே 32, மேற்கே 14 கிலோமீற்றர். ஆகவே கண்டியின் கட்ட எண்கள் கிழக்கு சுமார் 486,000, வடக்கு சுமார் 532,000. துல்லியமான மாற்றத்துக்குப் பூமியின் வளைவையும் சேர்த்த நீண்ட சூத்திரம் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான்.

அப்படியானால் கட்டங்கள் மட்டும் போதாதா? கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகப் போதும்; மக்காவை நோக்கப் போதாது. பாகைகளைச் சம சதுரங்களாகக் கீறிய தாளில் கண்டியையும் மக்காவையும் நேர்கோட்டால் இணைத்தால், அது மேற்கிலிருந்து வடக்காகச் சுமார் 19 பாகை சாய்ந்திருக்கும். கோளத்தில் கணித்தால் வருவது சுமார் 24 பாகை. கண்டியில் நமது கிப்லா அதுவே. அல்பிரூனியும் இதே தேவைக்காகவே உழைத்தார். கஸ்னியின் கிப்லாவைச் சரியாக நிர்ணயிக்க எழுதிய பெரும் நூலை 1025 இல் முடித்தார். பின்னர் இயற்றிய அல்கானூன் அல்மஸ்ஊதி என்ற நூலில் 600 க்கும் மேற்பட்ட ஊர்களின் ஆள்கூறுகளை அட்டவணைப்படுத்தினார்.

சுல்தான் மஸ்ஊத் அந்நூலுக்காக யானைச் சுமை வெள்ளியைப் பரிசாக அனுப்பியதாகவும், அவர் அதைத் திருப்பி அனுப்பியதாகவும் கூறப்படுகிறது.

1048 அளவில் கஸ்னியில் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது, பார்க்க வந்த ஒரு மார்க்க அறிஞரிடம் வாரிசுரிமைக் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டாராம். இந்த நிலையிலா என்று வந்தவர் தயங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேல் என்பதே அவருடைய பதிலாயிருந்தது. விளக்கத்தைக் கேட்டுத் தாமே திருப்பிச் சொன்னார். வந்தவர் விடைபெற்றுத் தெருவை அடைவதற்குள் வீட்டினுள் அழுகுரல் எழுந்ததாம்.