ஆட்டு போட்டோவும் ஜிம் கிரேயும்

அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு ஒரு ஆப் செய்யறீங்கன்னு வைங்க. விலை, எடை எல்லாம் டேபிளில் போயிடும். ஆட்டோட போட்டோ? அதையும் டேபிளுக்குள்ளேயே ப்ளாபாகப் போடுவதா, ஃபோல்டரில் வைத்துவிட்டு பாத்தை மட்டும் எழுதுவதா?

இதை அளந்தே பார்த்தவர் ஜிம் கிரே. 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். நாம எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ற ட்ரான்ஸாக்‌ஷன் பாடத்தில் பெரும்பகுதி இவர் உழைப்பு. 1998இல் டியூரிங் விருது வாங்கினார். அதே ஆண்டு வந்த டெராசர்வரில், இவர் குழு வான்வழிப் படங்களைச் சின்னத் துண்டுகளாக வெட்டி டேட்டாபேஸிலேயே வைத்தது. 2006இல் இரண்டு பேரோடு சேர்ந்து சோதித்துச் சொன்னார்: 256 கேபிக்குள் என்றால் டேட்டாபேஸ், 1 எம்பியைத் தாண்டினால் ஃபைல். பெரிய படங்களை மாற்றி மாற்றி எழுதினால் டேட்டாபேஸுக்குள் சிதறிப்போய் வேகம் குறையுது. (அவர் சோதித்தது எஸ்க்யூஎல் சர்வரில். உங்க மைஎஸ்க்யூஎல்லை நீங்களே அளந்துக்கோங்க!)

2007 ஜனவரி 28. அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைக்கத் தனியாகப் பாய்மரப் படகில் போனார். திரும்பலை. நண்பர்கள் சாட்டிலைட் படங்களைத் துண்டுகளாக்கி நெட்டில் போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் தேடினார்கள். படகு கிடைக்கவே இல்லை. 2012இல்தான் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.