பிரித்துப் பார்த்தே படித்தவர்: ஜி.டி.நாயுடு

ஓசூரில் 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது நம்ம அப்பாக்களுக்கெல்லாம் தெரியும். 2021-ல் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்ய ஆரம்பித்தது நமக்கே தெரியும். இப்படி வண்டி செய்கிற மாவட்டத்தில் இருக்கிற நாம், ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டே விஞ்ஞானி ஆனவரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதனால்தான் இந்த முறை நான் ஜி.டி.நாயுடுவை எடுத்துக்கொண்டேன்.

முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23 அன்று கோவை மாவட்டம் சூலூர் பக்கம் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பாடம் பிடிக்காமல் வாத்தியார் மேல் மண்ணை வீசிவிட்டு ஓடினவர் என்று சொல்வார்கள். (இதை மட்டும் யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். எச்.எம். சாரும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்!) ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர, படிப்பதை விடவில்லை. கிடைத்த புத்தகம், பத்திரிகை எல்லாவற்றையும் தானே படித்தார்.

வயது இருபது இருக்கும்போது ஒரு நாள் அவர் கண்ணில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டது. ஒரு வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் வண்டி, 1912-ஆம் வருட மாடல். அந்த வண்டி வழியில் நின்றுபோய், அதிகாரி அதைக் கழற்றித் துடைக்க மண்ணெண்ணெய் கேட்டதாகவும், இவர்தான் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்ததாகவும் கதை உண்டு. மாடு இல்லாமல், மனுஷன் மிதிக்காமல் ஒரு வண்டி ஓடுவதைப் பார்த்த பையனுக்கு அன்றைக்குத் தூக்கம் போயிருக்கும்.

கையில் காசு கிடையாது. கலங்கலை விட்டுக் கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருடம் இலை போட்டு, பரிமாறி, காசு சேர்த்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியே விட்டார். வாங்கியதும் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஊரைச் சுற்றி நாலு ரவுண்டு அடிப்போம். அவர் உட்கார்ந்து அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார். மறுபடி மாட்டினார். எது எதைத் தள்ளுகிறது, எது எதை இழுக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் அவர் அதை வாங்கியதே. அப்படியே மெக்கானிக் ஆகிவிட்டார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான் புரிந்தது. எங்க மாமா மைசூரில் செய்த ஒரு பழைய ஜாவா 250 வாங்கி வைத்திருக்கிறார். (மைசூர் தொழிற்சாலை 1961-ல் ஆரம்பித்து 1996-ல் மூடப்பட்டது.) ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைப் பிரிப்பதும் மாட்டுவதும்தான் வேலை. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். கிக்கர் லீவரே கியர் லீவரும். கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவது என் வேலை. எந்த நட்டு எங்கே இருந்தது என்று தெரிய, தகர டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு எண் ஒட்டி வைப்போம். சந்தேகம் வந்தால் மாமா போனில் படம் பார்ப்பார், இல்லையென்றால் ஊத்தங்கரை மெக்கானிக்கிடம் கேட்பார். வண்டியை அப்படியே பழைய மாதிரி வைக்கணும் என்பது தாத்தா கட்சி. சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாற்றணும் என்பது மாமா கட்சி. நான் மாமா கட்சி.

நாயுடுவுக்கு யார் இருந்தார்கள்? அந்த ரட்ஜ் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் செய்த வண்டி. ஏறக்குறைய 500 சி.சி., ஒற்றை சிலிண்டர், பின் சக்கரத்துக்குச் செயின் இல்லை, பெல்ட்தான். அதைப் பற்றித் தமிழில் புத்தகம் கிடையாது. கிராமத்தில் அதைத் தொட்டுப் பார்த்தவனே கிடையாது. பிரித்ததை மறுபடி ஓடும்படி மாட்டணும். இல்லையென்றால் மூன்று வருடச் சம்பளம் வெறும் இரும்புக் குவியல்! அந்தத் தைரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். பருத்தி வியாபாரம் செய்து பம்பாயில் பணத்தை இழந்தார். ஊருக்குத் திரும்பி, ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியோடு 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அதுதான் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார் செய்தார். நம்ம நாட்டிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பேட்டரியில் ஓடும் சவர ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழம் பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். பருத்தி, பப்பாளிச் செடிகளைக்கூட அவர் விடவில்லை. தேர்தலிலும் நின்றார், தோற்றார். அது போகட்டும்.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை வெறும் 2000 ரூபாய்! ஆனால் தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றது. வரிச்சுமை மேலும் கோபம். அந்த வருடங்களில் தான் செய்த கருவிகளை மக்கள் கூடிய இடத்தில் வைத்துத் தானே உடைத்துக் காட்டினார். இந்த இடத்தைப் படிக்கும்போதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு நட்டைக்கூடத் தொலைக்காமல் கழற்றி மாட்டிய கை அது. அவர் கோபம் நியாயம்தான். ஆனாலும் உடைத்திருக்க வேண்டாம், யாராவது பையன்களிடம் கொடுத்திருந்தால் பிரித்துப் பார்த்துக் கற்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்.

பள்ளிக்கூடமே பிடிக்காத அவர்தான் 1945-ல் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் வரக் காரணமாக இருந்தார். அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடத்திலேயே கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார். கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. கோவையில் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப் இன்னும் இருக்கிறது.

1974 ஜனவரி 4 அன்று காலமானார். 2025-ல் கோவை அவிநாசி சாலையில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதே சாலையில் அவருடைய கண்காட்சியும், 2015-ல் திறந்த பழைய கார் மியூசியமும் இருக்கின்றன. நம்ம சாமல்பட்டி ஸ்டேஷன் வழியாகப் போகிற தண்டவாளம்தான் சேலம், ஈரோடு தாண்டிக் கோவைக்குப் போகிறது. அடுத்த சுற்றுலாவுக்கு அங்கே கூட்டிப்போகச் சொல்லி எச்.எம். சாரிடம் கேட்போம். வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள்.

10-ஆம் வகுப்பு, ஆ பிரிவு