எம்.ஆர்.ஐ.க்கு வித்திட்ட இஸிடோர் ராபி

முதுகு வலி, முழங்கால் வலி, ஓயாத தலைவலி என்று மருத்துவரிடம் போனால் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்கிறார்கள். நம் கோயிலுக்கு வரும் அன்பர்களில் பலர் அந்தக் குழாய்க்குள் படுத்து, தடதடவென்ற சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அதன் அடிப்படைத் தத்துவத்தை முதலில் பரிசோதனையில் நிரூபித்தவர் மருத்துவர் அல்லர். இஸிடோர் ஐசக் ராபி என்ற பௌதிக விஞ்ஞானி. நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை அவர்.

1898-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, அன்றைய ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் பகுதியாக இருந்து இன்று போலந்தில் உள்ள ரிமனூவ் என்ற ஊரில், ஆசாரமான யூதக் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நியூயார்க் வந்துவிட்டது. தந்தையார் கிடைத்த வேலைகளைச் செய்து, பிறகு ஒரு சிறு மளிகைக் கடை வைத்தார். வீட்டில் பேசியது இத்திஷ் மொழி. பெற்றோர் வைத்த பெயர் இஸ்ரேல், செல்லமாக இஸ்ஸி. பள்ளியில் சேர்க்கும்போது இஸ்ஸி என்று சொன்னதை இஸிடோர் என்பதன் சுருக்கம் என்று எண்ணி அப்படியே பதிந்துவிட்டார்கள். நம் பிள்ளைகளின் பெயர்கள் படும் பாட்டை அறிந்த நமக்கு இது புதிய கதையல்ல!

பள்ளி விட்டு வந்தால் மற்றத் தாய்மார் என்ன படித்தாய் என்று கேட்பார்களாம். ராபியின் தாயார் மட்டும், இன்று நல்ல கேள்வி ஏதாவது கேட்டாயா என்று விசாரிப்பாராம். தம்மை விஞ்ஞானியாக்கியது அந்த வழக்கம்தான் என்று பிற்காலத்தில் ராபி சொல்லியிருக்கிறார்.

நூலகத்தில் எடுத்த வானநூல் ஒன்றில் பூமி சூரியனைச் சுற்றுவதைப் படித்த சிறுவன், இவ்வளவு எளிதாக விளங்கும்போது கடவுள் எதற்கு என்று வீட்டில் வந்து கேட்டானாம். பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும்! பதின்மூன்றாம் வயதில் நடக்கும் யூதச் சடங்கில் வேதப் பொருள் பேசுவதற்குப் பதிலாக, மின்விளக்கு எரியும் விதத்தை இத்திஷ் மொழியில் விளக்கினார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஆசாரங்களை விட்டபோதும் யூதர் என்ற உணர்வை அவர் விடவில்லை. பௌதிகம் தம்மைக் கடவுளிடம் நெருங்க வைத்தது என்றே பிற்காலத்தில் கூறினார். ஆராய்ச்சிக்கு வரும் மாணவரிடம், இந்த வேலை உன்னை இறைவனுக்கு அருகில் கொண்டு போகுமா என்று கேட்பதும் உண்டு.

1919-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பட்டம் பெற்ற பிறகு, சில ஆண்டுகள் சரியான வேலையின்றிக் கழிந்தன. பின்னர் பௌதிகத்துக்கு மாறி, 1927-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஐரோப்பாவில் ஹாம்பர்க் நகரில் ஓட்டோ ஸ்டெர்ன் என்பவரிடம், மூலக்கூறுகளைக் கற்றையாக வெற்றிடத்தில் பாய்ச்சும் வித்தையைக் கற்றார். 1929-இல் கொலம்பியாவிலேயே ஆசிரியரானார்.

அவர் கண்டதைச் சற்று விளக்குவோம். பல அணுக்கருக்கள் சிறிய காந்தம் போன்றவை. காந்தப் புலத்தில் வைத்தால், சுற்றும் பம்பரம் தலையாட்டுவது போல ஆடும். அந்த ஆட்டத்தின் வேகத்துக்குச் சரியாகப் பொருந்தும் ரேடியோ அலையைச் செலுத்தினால் அவை திசை புரளும். ஊஞ்சலைத் தாளம் பார்த்துத் தள்ளுவது போலத்தான். ராபியும் அவருடைய குழுவினரும் இதை 1938-இல் மூலக்கூறு கற்றையில் காட்டினார்கள். 1944-க்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1946-இல் பிளாக், பர்செல் என்ற இருவர் தனித்தனியே இதைச் சாதாரண திட, திரவப் பொருள்களிலும் செய்து காட்டினர். 1973-இல் லாட்டர்பர் இதைக் கொண்டு படம் எடுக்கும் வழியை வெளியிட்டார். மான்ஸ்ஃபீல்டு படத்தை விரைவாக எடுக்க வழி செய்தார். இவ்விருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடம்பில் நீரும் கொழுப்பும் மிகுதி. அவற்றிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகையே படமாகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். இதிலோ மூளை, தண்டுவடம், தசைநார், மூட்டுச் சவ்வு எல்லாம் தெளிவாகத் தெரியும், எக்ஸ்ரே கதிரும் இல்லை. 1990-களிலிருந்து, பேசும்போதும் நினைக்கும்போதும் மூளையின் எப்பகுதி வேலை செய்கிறது என்றுகூட இதனால் ஆராய்கிறார்கள். அணுக்கரு என்ற சொல் மட்டும் பெயரிலிருந்து கழன்றுவிட்டது, நோயாளிகள் அஞ்சுவார்களே என்று!

தாலிக்கொடியையும் வளையல்களையும் கழற்றச் சொன்னால் நம் பெண்மணிகள் சங்கடப்பட வேண்டாம். காந்தம் மிக வலுவானது. மருத்துவமனைக் கருவிகள் பலவற்றில் பூமியின் காந்தத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

யுத்த காலத்தில் ராபி ராடார் ஆராய்ச்சியை முன்னின்று நடத்தினார். அணுகுண்டுத் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தாரே தவிர, அங்கே முழுநேரமாகச் சேரவில்லை. 1949-இல் ஹைட்ரஜன் குண்டு செய்யக்கூடாது என்று ஃபெர்மியோடு சேர்ந்து அரசுக்கு எழுதினார். 1954-இல் நண்பர் ஓப்பன்ஹைமர் விசாரிக்கப்பட்டபோது இவர் நேரில் சென்று அவருக்காகச் சாட்சி சொன்னார். நோபல் பரிசைவிட இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

கடைசிக் காலத்தில் புற்றுநோய் கண்டது. மருத்துவர்கள் அவரையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். பளபளப்பான உட்சுவரில் தம் முகம் தெரிவதைப் பார்த்தாராம். தமது வேலை இங்கே வந்து நிற்கும் என்று தாம் ஒருபோதும் நினைத்ததில்லை என்று பிறகு சொன்னார். 1988 ஜனவரி 11-ஆம் தேதி, தமது 89-ஆம் வயதில், நியூயார்க்கில் காலமானார்.