மேசைப்பந்தில் உலகின் முதற் பெண் சம்பியன்

சாகாமத்திலோ கல்முனையிலோ இன்று ஒரு மாணவி மேசைப்பந்து மட்டையைக் கையில் எடுத்தால் எவரும் வியப்பதில்லை. வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என அவள் ஏறிச் செல்லப் படிகள் உண்டு. நூறாண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. அக்காலத்தில் முதற்படியில் கால் வைத்த ஒரு பெண்ணை நமது நூற்றாண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமென எண்ணுகிறோம்.

மரியா மெட்னியான்ஸ்கி 1901 ஏப்ரல் 7இல் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். 1926 டிசம்பரில் இலண்டனில் முதலாவது உலக மேசைப்பந்துச் சம்பியன் போட்டி நடைபெற்றது. நமது அயல்நாடான இந்தியாவின் அணியும் அதில் ஆடியது. ஆண்களுக்கு ஒற்றையர், இரட்டையர், குழுப் போட்டி என யாவும் இருந்தன. பெண்களுக்கோ ஒற்றையர் மட்டுமே. அதைவிட்டால் ஆண்களோடு சேர்ந்தாடும் கலப்பு இரட்டையர். அவ்விரண்டையும் மரியாவே வென்றார்.

பெண்கள் இரட்டையர் போட்டி 1928இல் சேர்க்கப்பட்டது. அதன் முதற் பட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. பெண்களுக்கான குழுக் கிண்ணத்துக்கு 1934 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒற்றையர் பட்டத்தை 1926, 1928, 1929, 1930, 1931 என நடைபெற்ற ஐந்து போட்டிகளிலும் அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

1932இல் பிராக் நகரில் அப்பட்டம் கைமாறியது. இறுதிப் போட்டியில் அவரை வென்றவர் வேற்று நாட்டவர் அல்லர். இரட்டையரில் அவரது இணையாக ஆடிவந்த இளையவர், அன்னா சிபோஸ். 1933இல் ஒஸ்திரியாவின் பாடன் நகரிலும் அதே முடிவு.

எனினும் அவ்விரு ஆண்டுகளிலும் பெண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றவர்கள் மரியாவும் அன்னாவும்தான். 1930 முதல் 1935 வரை ஆறு முறை இருவரும் இணைந்தே அதனை வென்றனர். இரட்டையரில் இருவரும் மாறி மாறியே பந்தை அடிக்க வேண்டும்; அடித்தவர் உடனே விலகி மற்றவருக்கு இடம்விட வேண்டும். மனத்தாங்கல் உள்ளவர்களுக்கு அது எளிதன்று.

ஒற்றையரில் ஐந்து, இரட்டையரில் ஏழு, கலப்பு இரட்டையரில் ஆறு என மொத்தம் 18 உலகப் பட்டங்களை வென்ற மரியா, 1978 டிசம்பர் 22இல் புடாபெஸ்டில் காலமானார்.

ஒரே வகுப்பில் முதலிடத்துக்காகப் போட்டியிட்ட நாம் இன்று ஒரே சங்கத்தில் இணைந்து நிற்கிறோம். எந்நாட்டிலிருந்து இம்மலரை விரித்தாலும், அன்று தம்மை முந்திச் சென்ற தோழியை நம் சகோதரிகள் ஒருமுறை அன்போடு அழைத்துப் பேசுவார்களாக.