இல்லமே அச்சகம்

வில்லியம் பிளேக் என்னும் ஆங்கிலப் புலவரின் பாடல்களை நாம் பாடப் புத்தகங்களிற் பயின்றுள்ளோம். அவை நூலாகிய வரலாற்றை அறிந்தார் நம்முட் சிலரே.

பிளேக் 1757ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிற் பிறந்தார். செப்புத் தகட்டிற் சித்திரம் செதுக்குந் தொழிலை இளமையிற் கற்றார். 1782இல் காதரின் என்னும் நங்கையை மணந்தார். மணப் பதிவேட்டில் அவ்வம்மையார் கையொப்பத்திற்கு ஈடாகக் கீறலே இட்டார். பின்னர்க் கணவரே அவருக்கு எழுத்தறிவித்தார்.

தம் பாடல்களைத் தாமே வெளியிடத் துணிந்த பிளேக், திராவகம் அரிக்காத குழம்பினால் தகட்டின்மேல் எழுத்துக்களை இடவலம் மாற்றி எழுதினார். எஞ்சிய பகுதியைத் திராவகம் அரிக்கவே, எழுத்தும் சித்திரமும் மேலெழுந்து நின்றன. அவற்றிற்கு மை பூசித் தாளிற் பதித்து, ஏடுதோறும் கையால் வண்ணந் தீட்டினார். இப்பணிகளில் அம்மையாரும் உடனுழைத்தார். இவ்வாறு 1789இல் 'மாசின்மைப் பாடல்கள்' வெளிப்போந்தது.

ஆயினும் அந்நூல்களை வாங்குவார் மிகச் சிலரே. பிறருக்குச் சித்திரம் செதுக்கிப் பெற்ற கூலியே குடும்பத்தைப் பெரும்பாலும் காத்தது. அதனை மறந்து அவர் கற்பனையில் ஆழ்ந்திருக்குங்கால், கையிற் பொருளற்ற அம்மையார் வாய்திறவாது வெறும் உணவுத் தட்டை அவர்முன் வைப்பார் என்பர். குறிப்பறிந்த பிளேக் கூலி வேலைக்குத் திரும்புவாராம்.

பிளேக் 1827இல் வறியராகவே மறைந்தார். அம்மையார் அவர்தம் ஏடுகளையும் ஓவியங்களையும் பேணியும் விற்றும் வாழ்ந்து, 1831இல் இறந்தார்.

மனைவாழ்வு கலைக்குத் தளையென்பார் உளர். அவ்வில்லத்திலோ மனைவியின்றி ஏடும் இல்லை, உணவும் இல்லை. பிளேக்கின் புகழை ஓதும் நாம், வண்ணந் தீட்டியதும் வெறுந்தட்டு வைத்ததும் ஒரே கையென்பதை மறவாதிருப்போமாக.