மலையகத்தின் முதற் குரல்: தேசபக்தன் கோ. நடேசய்யர்

நாம் வாழும் ஜெபல் அலி துறைமுகத்துக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் தேயிலை வந்து இறங்குகின்றது. இலங்கைத் தேயிலையும் அவற்றுள் ஒன்று. இங்குள்ள சுதந்திர வர்த்தக வலயத்தில் தேயிலையைக் கலந்து பொதிசெய்து மீண்டும் பிற நாடுகளுக்கு அனுப்பும் நிலையங்கள் உள்ளன. காலையிலும் மாலையிலும் நாம் அருந்தும் தேநீரின் நிறத்தையும் மணத்தையும் நாம் அறிவோம். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைகளின் வரலாற்றை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? அக்கைகளுக்கு உரியவர் தமிழர். அவர்களும் நம்மைப் போலவே பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள். அவர்களுக்காக முதன்முதலில் ஓங்கி ஒலித்த குரலுக்கு உரியவர் கோதண்டராம நடேசய்யர். அப்பெரியாரின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக நம் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

தஞ்சையிலிருந்து கொழும்புக்கு

நடேசய்யர் 1887 ஆம் ஆண்டு தஞ்சாவூர்ப் பகுதியிலே பிராமணக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். ஆங்கிலக் கல்வி பெற்று அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சிலகாலம் பணிபுரிந்தார். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகம் அக்காலத்திற் பெரும் பேறாகக் கருதப்பட்டது. ஆயினும் அவருடைய மனம் அதில் நிலைக்கவில்லை. எழுத்திலே நாட்டங்கொண்டு, வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையைத் தஞ்சையில் நடத்தினார். வணிகம், கணக்குப் பதிவு முதலிய துறைகளிலே தமிழில் நூல்களும் எழுதினார். ஆங்கிலம் அறிந்தோர்க்கே உரியனவாயிருந்த விடயங்களைச் சாதாரண மக்களின் மொழியிலே தரவேண்டும் என்ற நோக்கம் அப்பொழுதே அவரிடம் அரும்பிவிட்டது எனலாம்.

அப்பத்திரிகையின் பொருட்டு 1915 ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்கு வந்தார். வந்த காரியம் வர்த்தகம். கண்ணிற் பட்டதோ தேயிலைத் தோட்டங்களிலே உழன்ற தம் நாட்டு மக்களின் நிலை. 28 வயதில் அவர் கண்ட அக்காட்சி அவர்தம் வாழ்வின் திசையையே மாற்றிவிட்டது.

தோட்டமும் துண்டும்

அக்காலத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி நம் பிள்ளைகள் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும். 1820களிலிருந்தே கோப்பிப் பயிருக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். தலைமன்னாரில் இறங்கிக் காடுகளினூடே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுள், கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். கோப்பி 1869 இன் பின்னர் நோயுற்று அழிய, அதனிடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர் மாறிற்று, தொழிலாளரின் நிலை மாறவில்லை.

தொழிலாளருக்கும் துரைக்கும் இடையே நின்றவன் கங்காணி. ஊரிலே பஞ்சத்தால் வாடியவர்களுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவன் அவனே. அந்த முன்பணமும், வழிச்செலவும், தோட்டத்திலே வாங்கிய அரிசியின் விலையும் சேர்ந்து தீராக் கடனாயின. தன் கணக்கிலுள்ள ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்குச் சில சதம் கிடைத்தது. ஆதலால், ஆட்கள் தன்னை விட்டு அகலாதிருப்பதே அவனுடைய வருமானத்துக்கு வழியாயிற்று.

ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பின், அவனுடைய கடன் தொகை எழுதிய துண்டு என்னும் சீட்டு வேண்டும். அத்தொகையைப் புதிய தோட்டத்துத் துரை செலுத்தினாலன்றி அவன் விடுபடல் இயலாது. ஆகவே, துண்டிலே எழுதிய எண்ணே அவனுடைய விலை போலாயிற்று. அந்த எண் சரியோ பிழையோ என்று வாசித்தறியும் கல்வி அவனுக்கு இல்லை. அறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டு அகன்றால் சிறைத் தண்டனை விதிக்கச் சட்டமும் இருந்தது. துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் கடனும் கங்காணியும் ஒழிந்தபாடில்லை.

புடைவை வியாபாரியாக

தோட்டம் துரையின் தனிச் சொத்து. அவருடைய அனுமதியின்றி வெளியார் எவரும் உள்ளே செல்லல் ஆகாது. சென்றால் அத்துமீறிய குற்றமாகும். லயங்களில் வாழும் மக்களை அவர்களுடைய சொந்தச் சகோதரரும் எளிதிற் காணமுடியாத நிலை. ஆனால், புடைவை விற்கும் வியாபாரிகள் மட்டும் மூட்டையுடன் தோட்டங்களுக்குட் சென்று வருவது வழக்கம். நடேசய்யர் அவ்வழியையே தேர்ந்தார். புடைவை வியாபாரியாகத் தோட்டங்களினுட் புகுந்து, மக்களின் வாழ்க்கையை நேரிலே கண்டார். சிறு அறையில் ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கி வாழ்வதையும், விடியுமுன் தப்பொலி கேட்டுப் பிரட்டுக்களத்தில் அணிவகுப்பதையும், தாய்மார் பிள்ளைகளை விட்டு மலையேறுவதையும் பார்த்தார். கண்டதையெல்லாம் எழுதினார். சாதி உயர்வு பேசிய அக்காலச் சமூகத்திற் பிறந்த ஒருவர், ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெருந்தொகையாக வாழ்ந்த அந்த லயங்களைத் தேடிச் சென்றமை நம் சிந்தனைக்கு உரியது.

பத்திரிகையே படைக்கலம்

1920 ஆம் ஆண்டளவில் அவர் இலங்கையிலே நிலையாகத் தங்கலானார். 1921 இல் தேசநேசன் என்னும் பத்திரிகையின் ஆசிரியரானார். பின்னர் 1924 இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். அப்பத்திரிகையின் பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. தோட்டத்து அநீதிகளை அச்சிலேற்றி, ஆட்சியாளரும் பிறரும் அறியுமாறு செய்தவர் அவர்.

இவற்றினும் மேலாக நாம் போற்ற வேண்டிய பணி ஒன்றுண்டு. தொழிலாளருக்கான சட்டங்கள் ஆங்கிலத்திலே இருந்தன. தமக்கு எந்த உரிமை உண்டு, எதனைத் துரை மறுத்தல் கூடாது என்பன தொழிலாளருக்குத் தெரியா. நடேசய்யர் அச்சட்டங்களை எளிய தமிழில் விளக்கிச் சிறு நூல்களாக வெளியிட்டார். நீ மயங்குவதேன், வெற்றியுனதே முதலிய நூல்களால் சோர்ந்த உள்ளங்களுக்கு ஊக்கமும் ஊட்டினார். வாசிக்கத் தெரிந்த ஒருவன் வாசிக்க, லயத்து மக்கள் சூழ்ந்திருந்து கேட்டால் போதும். அந்நூல் எழுத்தறியாதவரையும் எட்டிவிடும். வாசிக்க முடியாத ஒரு துண்டுச் சீட்டினால் கட்டுண்ட மக்களை, வாசிக்கக்கூடிய ஒரு துண்டுப் பிரசுரத்தினால் விடுவிக்க முயன்றார் அவர்.

சங்கமும் சபையும்

கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்கா 1922 இல் தொடங்கிய தொழிலாளர் சங்கத்தில் நடேசய்யரும் இணைந்து உழைத்தார். சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் தோளோடு தோள் நின்ற காலம் அது. 1927 இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் அவ்வொற்றுமையின் சிகரம் எனலாம். ஆயினும், வேலையில்லாத் திண்டாட்டம் பெருகப் பெருக, இந்தியத் தொழிலாளரை வெளியாராகக் கருதும் போக்கு அச்சங்கத்திலே தலைதூக்கியது. 1928 இல் நடேசய்யர் அதனின்று விலகினார். உழைப்பவர் ஒன்றுபட வேண்டிய இடத்தில் இனபேதம் நுழைந்தால், இலாபம் முதலாளிக்கே என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

இதற்கிடையில் 1925 இல் அவர் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். தோட்டங்களின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டிருந்தன. சபையின் கதவு திறந்தது. அங்கே தொழிலாளரின் சம்பளம், கடன், கல்வி, சுகாதாரம் ஆகியவற்றைப் பற்றி ஓயாது வினவினார். இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் சேர, 1927 இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. அதன்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. கொழுந்து பறிப்பதிற் பெரும்பங்கு பெண்களுடையது. எனினும் அவர்களுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேதனைக்குரியது.

1931 சனவரியில் அட்டன் நகரில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென அமைந்த முதற் சங்கம் அதுவே. உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டித் தோட்டத் துரைமார் சம்பளத்தைக் குறைக்க முற்பட்ட வேளை அது. துரைமார் அவரைக் கலகக்காரர் எனத் தூற்றினர். பெரிய கங்காணிகளும் தம் வருவாய்க்கு ஊறு நேருமென அஞ்சி எதிர்த்தனர். தோட்டத்தினுள்ளே கூட்டம் வைக்க இடமில்லாமையால் நகரங்களிலேயே கூட்டங்கள் நடைபெற்றன. வேலை போகுமென்ற அச்சத்தையும் மீறி மக்கள் மலையிறங்கி வந்து கேட்டனர்.

துணைநின்ற மீனாட்சி அம்மையார்

நடேசய்யரின் பணியைப் பேசுமிடத்து அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரைப் பேசாதிருத்தல் தகாது. தொழிலாளரின் துயரத்தைப் பாடல்களாகப் புனைந்து கூட்டங்களிலே அவர் பாடினார். மணிக்கணக்கான சொற்பொழிவு செய்ய இயலாததை ஒரு பாடல் செய்துவிடும் என்பதை அவ்விருவரும் நன்கு அறிந்திருந்தனர். தேசபக்தன் பத்திரிகையிலும் அம்மையார் எழுதினார். பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாயிருந்த நாட்களில், மலைநாட்டுப் பெண்களின் முன் ஒரு பெண் நின்று பாடியமை எத்துணைத் துணிவூட்டியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1931 இல் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருள்ளும் பலர் அதனைப் பெற்றனர். 1936 இல் அட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். 1947 வரை அவர் அங்கே அவர்களுடைய பிரதிநிதியாக விளங்கினார்.

இறுதிக் காலம்

1939 இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. அதன் தொழிற்சங்கம் தோட்டங்கள்தோறும் விரைந்து பரவியது. நடேசய்யர் உழுது பண்படுத்திய நிலத்திலே விளைந்த பயிர் அது. ஆனால், உழுதவருக்கு அதிற் பங்கு கிடைக்கவில்லை. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது, நடேசய்யர் தோல்வியுற்றார். அவ்வாண்டு நவம்பர் 7 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். மறக்கப்பட்டுக் கிடந்த அவருடைய வரலாற்றைப் பிற்காலத்திலே தேடித் தொகுத்து நூலாக்கியவர் மலையக எழுத்தாளர் சாரல்நாடன் ஆவார்.

அவர் மறைந்து மூன்று மாதங்களில் இலங்கை சுதந்திரம் பெற்றது. 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டமோ மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதற்கோ, பாட்டனும் பூட்டனும் பிறந்தவர் என்பதற்கோ சான்று கேட்டது அச்சட்டம். பிறப்புப் பதிவே இல்லாத லயங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமையிழந்தனர். 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. இதிலே வடபகுதித் தமிழ்ப் பிரதிநிதிகளும் ஒருமித்து நிற்கவில்லை. அந்தப் பிளவிலிருந்தே செல்வநாயகம் அவர்களின் தமிழரசுக் கட்சி அவ்வாண்டு டிசெம்பரில் தோன்றியது. மலையக மக்களின் உரிமை பறிபோன அன்று தொடங்கிய துன்பம், பின்னர் நம் எல்லோருடைய வாசலுக்கும் வந்தது. நாட்டை விட்டு வந்தவராகிய நாம் இதனை நன்கறிவோம்.

1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களைக் கேளாமலே அவர்களை இரு நாடுகளும் பங்கிட வழிவகுத்தது. நாடற்றவர் நிலையை முடிவுக்குக் கொணரும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. 2023 இல், தம் முன்னோர் வந்து இரு நூற்றாண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்தப் பழைய வழியிலே நடந்து சென்றனர். காணியும் வீடும் தகுந்த சம்பளமும் இன்றும் அவர்களுடைய கோரிக்கைகளாகவே உள்ளன.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த பெற்றோரே! முன்பணம், கடன், முகவர், ஒப்பந்தச் சீட்டு என்னும் சொற்கள் வளைகுடாவுக்கு வந்த நம்மவருக்கும் புதியன அல்ல. காணியை ஈடுவைத்து முகவருக்குப் பணங்கட்டிப் புறப்பட்டவர் நம்முள்ளே எத்தனையோ பேர். காலம் மாறியுள்ளது என்பதும் உண்மையே. இந்நாட்டில் 2009 முதல் சம்பளம் வங்கி முறை மூலம் தொழிலாளியின் கணக்குக்கே செல்ல ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடுவதையும் சட்டம் தடுக்கின்றது. ஆனால், சட்டம் இருப்பது வேறு. அது இருக்கிறதென்று உரியவன் அறிவது வேறு. தன் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை அறியாது கையொப்பமிடும் தொழிலாளி இன்றும் உண்டு. அவனுக்கு அருகிருந்து வாசித்து விளக்குவோர் தேவை.

மாணவச் செல்வங்களே! வார இறுதியிலே விளையாட்டை விடுத்துத் தமிழ் எழுத்துகளை ஏன் கற்கவேண்டும் என நீங்கள் வினவுவதுண்டு. பழம்பெருமை பேசுவதற்காக மட்டுமன்று. நீங்கள் ஆங்கிலமும் அரபும் அறிவீர்கள். உங்கள் மொழி மட்டுமே அறிந்த ஒருவர் ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பதை நீங்கள் காணக்கூடும். அப்போது அதிலுள்ளதை நல்ல தமிழில், பொறுமையாக, பிழையின்றி அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நடேசய்யர் தம் வாழ்நாள் முழுவதும் செய்த தொண்டின் சிறு பங்கு அதுவே. அந்தத் தொண்டுக்கு உங்களை ஆயத்தப்படுத்துவதே நம் தமிழ்ப் பள்ளியின் கடமை என உறுதியாக நம்புகின்றோம்.